அம்மா சாப்பிடும் இமாட்டினிப் ஜெனரிக் மாத்திரை: நான்கு வருட அனுபவம்

அம்மாவுக்கு சிஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய். நான்கு வருடமாக தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம் ஒன்று, அதுவும் ஜெனரிக்தான், அதாவது முதலில் விற்ற கம்பெனி அல்லாமல் வேறு கம்பெனிகள் தயாரிக்கும் அதே மருந்து. விலை இவ்வளவு குறைவாக இருக்கிறதே, வேலை செய்யுமா என்று பயப்படுபவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. சில வாரங்களில் வெள்ளை அணுக்கள் கட்டுக்குள் வந்தன, அப்புறம் ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனை ஒவ்வொன்றிலும் அந்த அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

வெறும் வயிற்றில் மட்டும் போடக் கூடாது. முதல் வாரம் காபியோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்தார். இப்போது ராத்திரி இட்லி சாப்பிட்ட கையோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடுகிறார். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம் இருக்கும், சில ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

விலைக்கு வருகிறேன். இதே மருந்தை நோவார்டிஸ் கம்பெனி விற்ற கிளிவெக் ஒரு காலத்தில் மாதம் 1,20,000 ரூபாய் வரை போனது, இங்கே தயாரான ஜெனரிக் 8,000 ரூபாய் அளவில் இருந்தது. நாங்கள் இன்று கொடுப்பது அதையும் விட ரொம்பக் குறைவு. இது தானாக நடக்கவில்லை. 1998இல் நோவார்டிஸ் பேடண்ட் (வேறு யாரும் தயாரித்து விற்க முடியாதபடி தரும் காப்புரிமை) கேட்டு விண்ணப்பித்தது சென்னை பேடண்ட் அலுவலகத்தில்தான். மும்பையில் இருக்கும் புற்றுநோயாளிகள் சங்கம் ஒன்று எதிர்த்து நின்றது, 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த மருந்துக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, பலன் கூடுகிறது என்று காட்டினால்தான் பேடண்ட் என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏழை நாடுகள் பலவும் இந்திய ஜெனரிக்கை நம்பியிருப்பதால், வழக்கைக் கைவிடச் சொல்லி 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு உலகம் முழுக்கக் கையெழுத்து திரட்டியது. 4 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தும் கம்பெனி விடவில்லை. 2007 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, பேடண்ட் கிடையாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம் என்று நோவார்டிஸ் சொன்னது, கொடுக்கவும் செய்தது. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு இன்னொருவர் மனம் வைப்பதை நம்பி எப்படி இருப்பது? கடைக்குப் போய் என் காசில் வாங்கி வருவதுதான் எனக்கு நிம்மதி.

குறை என்றால் கடையைப் பற்றித்தான். ஒருமுறை சொல்லாமல் வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்துவிட்டார்கள், நிறம் மாறியதைப் பார்த்து அம்மா மாத்திரையைத் தொடவே இல்லை. டாக்டரிடம் கேட்டு, அதே மருந்து அதே அளவுதான் என்று உறுதி செய்வதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. இன்னொரு முறை சரக்கே இல்லை.

மாத்திரைக்கு ஐந்துக்கு ஐந்து, கடைக்கு மூன்று. இப்போதெல்லாம் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அட்டையைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பி, இதே கம்பெனிதான் வேண்டும் அண்ணா என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.