வானமா, மனசா, கல்லா, சேறா: வடசென்னையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய எது தோது?

அக்கா மகள் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீடு தண்டையார்பேட்டை. போன தீபாவளிக்கு முந்தின வாரம் மூன்று தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, ஒரு வருஷ ப்ராஜெக்ட். எந்த சப்ஜெக்ட் வேணா எடுக்கலாமாம், ஆனா நெட்ல இருந்து சுட்டதா இருக்கக்கூடாதாம். நாங்க என்ன எடுக்கட்டும்?"

நான்கு பேருக்கு நான்கு ஆசை. ஒருத்திக்கு நட்சத்திரம், ஒருத்திக்கு மனவியல், ஒருத்திக்குக் கோயில் கல்வெட்டு. நான்காவது ஆள் அக்கா மகள்தான். அவளுக்கு எதுவும் தெளிவில்லை, கடல் என்று மட்டும் சொன்னாள். என்னிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பதினைந்து வருடமாகப் பல ஆராய்ச்சித் திட்டங்களில் களப்பணியாளனாகக் கூலிக்கு ஓடியவன் நான். கேள்வித்தாள் சுமந்திருக்கிறேன், கல்வெட்டுக்கு ஏணி பிடித்திருக்கிறேன், முட்டிச் சேற்றில் நின்று மட்டிச் சிப்பி எண்ணியிருக்கிறேன். பட்டம் எதுவும் வாங்கவில்லை.

இந்த நான்கையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் வாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதானே இருக்கிறது? கையில் ஐந்தாயிரம் ரூபாய், ஐம்பது ஞாயிறு. நான் மூன்று கேள்விதான் கேட்டேன். முதல் தரவு எத்தனை நாளில் கைக்கு வரும்? அதற்கு யார் யார் கையெழுத்து வேண்டும்? வந்த தரவு உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாததா?

வானம்

முதல் இரண்டு கேள்வியில் வானியலை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2018இல் ஏவிய டெஸ் விண்கலம் அளந்த நட்சத்திர ஒளி, கையா விண்கலம் எடுத்த நட்சத்திரத் தூரக் கணக்கு, கொடைக்கானலில் நூறு வருடத்துக்கும் மேலாக எடுத்துவைத்த சூரியப் படங்கள் என எல்லாம் இணையத்தில் இலவசம். இன்றைக்கு ராத்திரியே இறக்கிக்கொள்ளலாம். எவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

ஊர்ப்பெருமையும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் கல்தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கிருந்துதான் 1861இல் போக்சன் என்ற வானியலாளர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இதைச் சொன்னதும் நட்சத்திரப் பெண்ணின் கண் விரிந்தது.

சரி, மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன். ஒருபக்கம் துறைமுகத்து விளக்கு, இன்னொருபக்கம் மணலி ஆலைப் புகைபோக்கியின் தீ. வானம் ராத்திரி பத்து மணிக்கும் பழுப்பாக இருக்கிறது. விரல்விட்டு எண்ணினோம், இருபது நட்சத்திரம் தேறவில்லை. ஆனால் திருவாதிரை தெரிந்தது. 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை அந்த நட்சத்திரம் மங்கிக்கொண்டே போனபோது இதே மாடியில் வெறுங்கண்ணால் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு இன்று எவ்வளவு பிரகாசம் என்று குறித்துவைப்பதும் ஆராய்ச்சிதான்.

சிக்கல் மூன்றாவது கேள்வியில். டெஸ் தரவு உனக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதோ, புனேயில் இருக்கும் பையனுக்கும் சிலியில் இருக்கும் பெண்ணுக்கும் அவ்வளவு சுலபம். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்திருப்பதால் உனக்கு ஒரு சலுகையும் இல்லை. பைத்தான் என்ற கணினி நிரல்மொழி நன்றாக வரும், கணக்கில் ஒரு புது யோசனை இருக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம். இன்னொன்றும் சொன்னேன்: விடியற்காலையில் வெளியே அனுப்ப வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றால் நான்கில் இதுதான் சரி. லேப்டாப் போதும். இந்தக் காரணத்தை யாரும் ஆராய்ச்சிக் கையேட்டில் எழுத மாட்டார்கள். ஆனால் பாதிப் பெண்கள் துறை தேர்ந்தெடுப்பது இப்படித்தான்.

மனசு

மூன்றாவது கேள்விக்கு மனவியல்தான் ராஜா. உலக மனவியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய, படித்த, வசதியான நாட்டு மனிதர்களை வைத்து நடந்தவை என்று 2010இல் ஹென்ரிக் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் போட்டு உடைத்தார்கள். 2015இல் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36 சதவீதத்தில்தான் முடிவு புள்ளியியல்படி மறுபடியும் நின்றது. ஆக, பழைய ஆய்வு ஒன்றைக் கொண்டுவந்து காசிமேட்டில் வைத்துப் பார்ப்பதே புது வேலை.

ஆனால் வைப்பதுதான் கஷ்டம். மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் 21 கேள்விப் பட்டியல் ஒன்றில், ஆங்கிலத்தில் சோகத்துக்கு 'நீலம்' என்ற சொல் வருகிறது. நான் ஓடிய ஒரு திட்டத்தில் யாரோ அதை "நான் நீலமாக உணர்ந்தேன்" என்று மொழிபெயர்த்து அச்சடித்தே விட்டார்கள். அந்தத் தாளோடு மீன் ஏலக்கூடத்துக்கு வெளியே ஓர் அம்மாவிடம் உட்கார்ந்தேன். அதை ஒரு வழியாகத் தாண்டி, மனசு சரியில்லையா என்று கேட்டேன். "மனசு யாருக்குப்பா சரியா கீது? நெஞ்சு அடைக்குது, கை கால் ஓஞ்சி போவுது, அத்தக் கேளு" என்றார். என் தாளில் நெஞ்சுக்கும் கை காலுக்கும் கட்டமே இல்லை. அப்புறம் மூன்று பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். "கையெழுத்துப் போட்டா வூடு போயிடுமா?" என்று கேட்டார். குப்பத்தைக் காலி பண்ணச் சொல்லி வந்த தாள்களைப் பார்த்த கண் அது. எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டாவது கேள்வியில் மனவியல் தோற்பது இங்கேதான். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைச் சரிபார்க்கிற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அது வரவே மாதங்கள் ஆகலாம். பேச்சுக்கு நடுவே ஒருவர் உடைந்து அழுதால் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794 வரை போகிறது, 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அப்படி ஓர் இடத்தின் நிழலில் செய்தால் சரி. இருபது வயதுப் பெண் தனியாகக் கேள்வித்தாளோடு போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூகுள் படிவத்தை வகுப்பு வாட்ஸாப்பில் தட்டிவிட்டு நூறு பேர் பதில் வாங்கலாம்தான். ஆனால் அது வடசென்னை இல்லை, உன் வகுப்பு.

கல்லும் காகிதமும்

இதில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. திருவொற்றியூர் கோயிலில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் விமானத்தைக் கருங்கல்லில் எழுப்பிய தச்சனின் பெயரே கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். ராஜா பெயர் எல்லாக் கல்லிலும் இருக்கும், வேலை செய்தவன் பெயர் அபூர்வம். அங்கேயே இலக்கணம் சொல்லிக்கொடுக்கத் தனி மண்டபமும் இருந்திருக்கிறது. 27 நட்சத்திரத்துக்கு 27 லிங்கமும் அதே கோயிலில் உண்டு. நட்சத்திரப் பெண்ணை அங்கே ஒரு நடை போய்வரச் சொன்னேன்.

மைப்படி எடுப்பதைப் பார்ப்பதே ஒரு சுகம். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மையை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். ஆனால் அதற்கு அரசுத் துறையின் அனுமதி இல்லாமல் சுவரைத் தொடக்கூடாது. நல்லவேளையாக முக்கியமான கல்வெட்டுகள் தொகுதிகளாக அச்சாகிவிட்டன. நூலகத்தில் உட்கார்ந்தே படிக்கலாம்.

காகிதப் பக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகம். சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டு வருவதற்குள் ஒரு டீ முடிந்துவிடும், சில நாள் சாப்பாடே முடிந்துவிடும். ஒரு சோதனையும் உண்டு: அது ஞாயிற்றுக்கிழமை திறக்காது. தெருவிலேயே படிக்கக் கிடைப்பவையும் இருக்கின்றன. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கட்டிய மதிலுக்கு ஊர்க்காரர்களிடம் வரி போட நினைத்ததன் மிச்சம்தான் வால்டாக்ஸ் ரோடு. அந்த மதிலின் துண்டு ஒன்று மாடிப் பூங்காவாக நிற்கிறது. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்றும் கண்முன்னே இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது.

எழுதாதது எது என்று கேட்டால், குத்துச்சண்டைக் கூடம், கேரம் கிளப், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தாத்தாவின் நினைவு. அது வருடா வருடம் குறைந்துகொண்டே போகிற தரவு. மனவியலோடு இதை ஒப்பிட்டால் எனக்குப் படும் வித்தியாசம் ஒன்றுதான். அதே தாத்தா, அதே ரெக்கார்டர். அங்கே அவர் 47ஆம் எண் பங்கேற்பாளர், இங்கே அவருக்குப் பெயர் உண்டு, சொன்னது தன் பெயரில் வருவதில் அவருக்கு ஒரு மிதப்பும் உண்டு. அனுமதி அவரிடமே கேட்டால் போதும், கல்லுக்குப் போல அலுவலகம் ஏற வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பது அப்போதுதான். கையில் காசு இல்லாத காலமும் அதுதான், அதனால் வெறுங்கையோடு போகாதே, ஒரு பாக்கெட் பிஸ்கட்டாவது வாங்கிக்கொண்டு போ என்றேன்.

சேறு

தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் கொஞ்ச நேரத்தில் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளினார்களே, அந்தக் கரைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து குப்பத்து வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு போட்டதும் இதே கழிமுகம். அனல்மின் நிலையச் சாம்பலும் இங்கேதான் வந்து படிந்தது. இவ்வளவுக்கும் நடுவில் இறால் இருக்கிறது, நண்டு இருக்கிறது, பறி என்ற கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர்கள் இருக்கிறார்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பது காக்கா ஆழி. தென், மத்திய அமெரிக்கக் கரையைச் சேர்ந்த சின்னக் கறுப்பு மட்டி. கப்பலோடு ஒட்டியோ கப்பல் சமநிலைக்காக ஏற்றும் தண்ணீரிலோ இப்படிப்பட்டவை ஊர் விட்டு ஊர் வருகின்றன. சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். கீழே இருக்கும் உள்ளூர் மட்டிக்கு மூச்சில்லை, இறாலுக்குப் புதைய இடமில்லை. முதலில் கண்டு சொன்னதும் பெயர் வைத்ததும் மீனவர்கள்தான். விஞ்ஞானிகள் பின்னால் வந்தார்கள்.

எண்ணுவது எப்படி? பிவிசி பைப்பில் அரை மீட்டர்ச் சதுரச் சட்டம் ஒன்று. நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், கயிறு கட்டிய கோட்டில் பத்தடிக்கு ஒருமுறை சட்டத்தைப் போட்டு, உள்ளே இருப்பதை எண்ணவேண்டும். முதல்முறை நான் போனபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இன்னா நைனா, ஜன்னலத் தூக்கிக்கினு வந்து சேத்துல போடுற?" என்றார். விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு, நான் நின்ற இடம் போன மாதம்தான் தோண்டிப்போட்ட மண் என்றும், எண்ணினாலும் பிரயோஜனமில்லை என்றும் சொன்னார். அவர் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான்கு ஞாயிறு வீண்.

செலவு என்று பார்த்தால் சட்டம், வெப்பமானி, உப்பு அளக்கும் சின்னக் கருவி எல்லாம் சேர்த்து எனக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது. கையெழுத்து? மட்டி எண்ணுவதற்குச் சிக்கலில்லை. கடற்குதிரை, கடல் அட்டை, ஆமை மாதிரி சட்டம் காக்கிற உயிர்களைத் தொடாதே, துறைமுகப் பக்கம் கேமராவைத் தூக்காதே. முதல் தரவு முதல் ஞாயிறே வந்துவிடும். மூன்றாவது கேள்விக்கும் பதில் சுலபம்: அந்த ஞாயிற்றுக்கிழமையின் அந்தச் சேற்றைப் புனேயில் இருப்பவன் எண்ண முடியாது.

குறை இல்லாமலில்லை. ஆழி ஓடு காலைக் கிழிக்கும், பழைய ஷூ கட்டாயம். தனியாகப் போகக்கூடாது. மழை மாதங்களில் ஆற்றில் வெள்ளம் வந்தால் வேலை நின்றுவிடும், ஐம்பது ஞாயிறு முப்பதாகிவிடும். ஒரு வருடக் கணக்கை வைத்துக்கொண்டு கூடுகிறதா குறைகிறதா என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அடுத்து வருகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க முதல் வருடக் கணக்கு ஒன்று மிஞ்சும்.

மிச்சம் சில

பணம் எதில் என்று தோழிகளில் ஒருத்தி கேட்டாள். பின்னால் நெட் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் எந்தத் துறையானாலும் 2023இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய்தான். அந்த வகையில் சண்டையே இல்லை.

பதிப்பிக்கும் விஷயத்தில் மட்டும் நான் சூடுபட்டவன். மட்டிக் கணக்கை ஒரு கட்டுரையாக்கி, 'பல்துறை' என்று போட்டிருந்த ஓர் இதழுக்கு அனுப்பினேன். 2,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள், மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். என் மட்டிக்கு முன்பக்கம் கோயில் சிற்பம், பின்பக்கம் தேர்வுப் பயம், அதற்கடுத்து கருந்துளை. நான்கையும் படித்துத் திருத்தும் ஆள் உலகத்தில் இருந்தால் அவரைப் போய்க் கும்பிட வேண்டும். அடுத்த வருடம் அந்த இணையதளமே காணோம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த நல்ல இதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இனி நல்லது கெட்டதை நாமேதான் மோந்து பார்க்கவேண்டும். மூன்று நாளில் சம்மதித்தால் ஓடிவிடு என்பதுதான் என் அளவுகோல்.

என் வரிசையைச் சொல்லிவிட்டேன்: சேறு முதலில், தாத்தாக்களின் நினைவு இரண்டாவது, வானம் மூன்றாவது, மனவியல் ஓர் ஆசிரியர் கூட இருந்தால் மட்டும். நட்சத்திரப் பெண் கேட்கவில்லை, திருவாதிரையைப் பிடித்துக்கொண்டாள். மனவியல் பெண் ரெக்கார்டரோடு கேரம் கிளப்புக்குப் போகிறாள், என்ன துறை என்று இன்னும் பெயர் வைக்கவில்லை. கல்வெட்டுப் பெண் என்னோடு பேசுவதில்லை, நான் மைப்படியைப் பற்றிச் சொன்னது அவளுக்குத் தெம்பு தரவில்லையாம்.

அக்கா மகள் எண்ணூருக்குப் போகிறாள். இயற்பியல்காரி என்பதால் மட்டியோடு சேர்த்து, அனல்மின் நிலையத்து வெந்நீர் கழிமுகத்தில் எவ்வளவு தூரம் சூடு குறையாமல் வருகிறது என்று வெப்பமானி வைத்து அளக்கிறாள். எனக்குத் தோன்றாத யோசனை. போன வாரம் மழை, போகவில்லை. நேற்று வெயிலடித்தது, மாடிக்குப் போய்ப் பார்த்தால் அக்கா அந்தப் பிவிசி சட்டத்தில் பழைய வலையைக் கட்டி நெத்திலி காயப்போட்டிருக்கிறாள்.