பேரிங் வண்டிக்கு ஆக்சில்: தட்டாஞ்சாவடி லேத் பட்டறை எப்படி?

எஞ்சின் இல்லாத வண்டியைச் சரிவில் உருட்டிப் பந்தயம் வைப்பவர்களுக்கு, இறங்கும் உயரம் மட்டுமே வேகம் தருகிறது. அந்த வேகத்தை எங்கும் சிந்தாமல் காப்பதுதான் மீதி வேலை. பலகை, இருக்கை, மூக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சான ஆக்சிலுக்கு மட்டும் லேத் எனும் கடைசல் இயந்திரம் வேண்டும். அதற்காக நாங்கள் சென்ற இடம், புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் உட்சாலை ஒன்றில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் சிறிய பட்டறை.

இவ்வகைப் பந்தயத்துக்குப் பேர்போன அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், 989 அடி நீளமுள்ள சரிவில் ஓடும் சிறுவர் வண்டிகளுக்குச் சக்கரத்தையும் ஆக்சிலையும் போட்டி அமைப்பே ஒரே தரத்தில் வழங்குகிறது. நமக்கு அப்படி ஆயத்தமாக எதுவும் கிடைப்பதில்லை. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய பேரிங்கை (இரு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பாகம்) அப்படியே சக்கரமாகத் தரையில் உருட்டும் தெருப்பிள்ளைகளின் வண்டி, சிமெண்ட் சாலையில் காதைத் துளைத்துக்கொண்டு ஓடும். கடலூர் கேப்பர் மலையின் செம்மண் பாதையிலோ புதைந்து நின்றுவிடும். தோப்புக்காரரின் அனுமதியோடு நாங்கள் ஓட்டுவது அந்தப் பாதையில்தான் என்பதால், ரப்பர் டயர் கொண்ட தள்ளுவண்டிச் சக்கரங்களை வாங்கிச் சென்று, நடுவில் பேரிங் உட்கார இடம் கடைந்து தரச் சொன்னோம்.

பட்டறையின் திறமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. 20 மில்லிமீட்டர் ராடின் இரு முனைகளையும் 15 மில்லிமீட்டராகக் கடைந்து, அதற்குப் பொருந்தும் 6202 என்ற எண்ணுள்ள பேரிங் வந்து முட்டி நிற்க ஒரு படி விட்டிருந்தார் மிஸ்திரி. சக்கரம் ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேரிங்குகள். அவற்றின் நடுவில் இடைவெளி காக்கும் குழாயாக ஒரு ஸ்லீவ். “இந்த ஸ்லீவைக் கொஞ்சம் குட்டையா வெட்டிட்டா, நட்டை முடுக்க முடுக்கச் சக்கரம் பிடிச்சுக்கும் சார்” என்று சொல்லியபடியே வெர்னியரில் மறுபடி அளந்து, மயிரிழை அளவு சீவி எடுத்தார். பேரிங்கை ஆக்சிலில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தொடும் குழாய்த்துண்டை வைத்தே தட்டினார். வெளிவளையத்தில் அடி விழுந்தால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, புது பேரிங்கும் கரகரக்கத் தொடங்கிவிடும். சுத்தியலை எடுத்த எடுப்பில் போடும் பட்டறைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, இந்த நிதானம் ஒன்றுக்கே கூலி கொடுக்கலாம் என்று தோன்றியது.

பேரிங்கின் மூடி பற்றியும் அவர் சொன்னதே சரியாக இருந்தது. ரப்பர் மூடி உள்வளையத்தை உரசுவதால் சுழற்சியைச் சற்றே இழுக்கும். அதற்காக மூடியைக் கழற்றிவிட்டு மெல்லிய எண்ணெய் விடுவது பந்தயக்காரர்களின் வழக்கம். செம்மண் தூசியும் கடற்காற்றின் உப்பும் உள்ள நம் பக்கத்தில் திறந்த பேரிங் வெகுநாள் தாங்காது. உரசாத தகர மூடி போட்டதை அவர் பரிந்துரைத்தார்; அதையே வாங்கினோம்.

பிரேக் விஷயத்தில் இந்தப் பட்டறையை நம்பிப் போக வேண்டாம். 5 மீட்டர் உயரம் இறங்கினாலே, உராய்வைக் கழிக்காத கணக்கில், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் வரும். அப்படிப்பட்ட வண்டியின் பிரேக் கட்டைக்கு அவர்கள் வைத்த வெல்டிங், பற்று விழாமல் மேலோடு மட்டும் ஒட்டியிருந்தது. காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தபோதே பெயர்ந்து வந்துவிட்டதால், அதை வேறிடத்தில் புதிதாகச் செய்துகொண்டோம். கடைசல் வேலையில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட வெல்டிங்கில் காட்டாதது விந்தைதான். சொன்ன தேதியில் வேலை முடியாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெரிய ஆர்டர் வந்தால் நம்முடையது மூலைக்குப் போய்விடும்.

கூலி 2,800 ரூபாய். பேரிங்கின் விலை தனி. ரசீது கேட்டால்தான் தருவார்கள். போகிறவர்கள் அளவை வாயால் சொல்லாமல் மில்லிமீட்டரில் வரைந்து, சக்கரம் நான்கையும் பேரிங்குகளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். கடையில் வாங்கும் சக்கரங்களின் நடுத்துளை ஒன்றுக்கொன்று மாறுபடும்; ஒன்றை மட்டும் மாதிரிக்குக் கொடுத்தால் மற்ற மூன்றும் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.