ஆசனவாய் அறுவைக்குப் பிறகு: வீட்டுப் பயிற்சியா, பயோஃபீட்பேக்கா?

மூலம், பவுத்திரம், வெடிப்பு என எதற்காக அறுவை நடந்திருந்தாலும், வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாத நிலை வந்தால் மனிதர் வெளியே போகவே அஞ்சுகிறார். அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளைத் தேற்ற இரண்டு வழிகள் உண்டு: வீட்டில் நாமே செய்யும் பயிற்சி, தசையின் இயக்கத்தைக் கருவி வைத்துத் திரையில் பார்த்துப் பழகும் பயோஃபீட்பேக். எதுவானாலும் அறுவை செய்த மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

செலவு
வீட்டில்: காசே வேண்டாம்.
பயோஃபீட்பேக்: ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணம், பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் கிடைக்கும்.

தொடங்கும் நேரம்
வீட்டில்: வலி அடங்கி, மருத்துவர் சரி என்றதும்.
பயோஃபீட்பேக்: உள்ளே கருவி வைப்பதால் புண் ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

சரியாகச் செய்கிறோமா?
என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.
வீட்டில்: வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயை மேல்நோக்கி இழுத்து, சில விநாடி பிடித்து, முழுவதும் தளர்த்த வேண்டும். பலர் தொடையை இறுக்குகிறார்கள், மூச்சை அடக்குகிறார்கள். சிலர் முக்கவே செய்கிறார்கள். பிட்டத்தில் கை வைத்துப் பாருங்கள். அது கெட்டியானால் வேறு தசை வேலை செய்கிறது.
பயோஃபீட்பேக்: தசை இறுகுவதும் தளர்வதும் திரையில் கோடாக ஏறி இறங்கும், தவறு உடனே தெரியும். 1948-ல் இப்பயிற்சியைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகலே அழுத்தம் அளக்கும் கருவியோடுதான் கற்பித்தார்.

யாருக்கு எது?
லேசான கசிவு, தசையும் பிடிபடுகிறது என்றால் வீட்டுப் பயிற்சியே போதும். மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். தசை பிடிபடவே இல்லை, கசிவும் குறையவில்லை என்றால் பயோஃபீட்பேக். வெடிப்பால் தசை இறுகியே இருப்பவர்களுக்கு இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டலாம். அவர்கள் முதலில் தளர்த்தப் பழக வேண்டும், அதையும் பிசியோதெரபிஸ்ட் துணையோடு.