டேமாக்ஸிஃபெனா லெட்ரோசோலா? எதை விடாம சாப்பிட முடியும்னு பாருங்க

ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் மாதிரி பெண் ஹார்மோனைப் பிடிச்சு வளர்ற மார்பகப் புற்றுநோய்ல ஆபரேஷன், ரேடியேஷன், தேவைப்பட்டா கீமோ எல்லாம் முடிஞ்சதும் "இனி தினம் ஒரு மாத்திரை, குறைஞ்சது அஞ்சு வருஷம்"னு சொல்லிடுவாங்க. எந்த மாத்திரைங்கறதுலதான் குழப்பமே. எனக்கு நாப்பதுகளோட ஆரம்பத்துல, பீரியட்ஸ் வந்துட்டிருக்கும்போதே நோய் வந்துச்சு, டேமாக்ஸிஃபென் எடுத்துக்கிட்டேன், இப்பவும் எடுத்துட்டிருக்கேன். எங்க அக்காவுக்கு அறுபது தாண்டி வந்துச்சு, அவங்களுக்கு லெட்ரோசோல். ரெண்டையும் கிட்ட இருந்து பார்த்துட்டு எழுதறேன். நான் டேமாக்ஸிஃபென் பக்கம்தான், ஆனா அது என் வயசுக்காரங்களுக்கு.

எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா: டேமாக்ஸிஃபென் செல்லுல ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டற இடத்தை அடைச்சுக்கும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் மூணும் உடம்புல ஈஸ்ட்ரோஜன் உருவாகறதையே குறைக்கும், ஆனா சினைப்பை வேலை செஞ்சிட்டிருந்தா இதை மட்டும் சாப்பிட்டு பிரயோஜனம் இல்ல, கோசெரலின் மாதிரி ஊசி 28 நாளுக்கு ஒருதடவை போட்டு சினைப்பையை அடக்கணும், இல்ல ஆபரேஷன்ல எடுக்கணும். கீமோவுல பீரியட்ஸ் நின்னதை வச்சு மெனோபாஸ்னு முடிவு பண்ணிடாதீங்க, சினைப்பை திரும்ப முழிச்சுக்கலாம், ரத்தத்துல ஹார்மோன் அளவு பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பேப்பர்ல பார்த்தா மெனோபாஸ் ஆனவங்களுக்கு லெட்ரோசோல் வகைதான் ஒரு படி மேல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல வந்த கணக்குல, டேமாக்ஸிஃபென்னோட ஒப்பிட்டா நோய் திரும்பறது சுமார் 30 சதவீதம் குறைவு. 35 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும், கீமோ தேவைப்படற அளவுக்கு ரிஸ்க் இருக்கறவங்களுக்கும் ஊசியோட எக்ஸெமெஸ்டேன் சேர்க்கறது நல்ல பலன் தருதுன்னு சாஃப்ட் ஆய்வு சொல்லுது. எனக்கு கட்டி சின்னது, நிணநீர் முடிச்சுல பரவல, கீமோவும் தேவைப்படல, அதனால டாக்டர் டேமாக்ஸிஃபென், இல்ல ஊசியோட எக்ஸெமெஸ்டேன்னு ரெண்டு வழியையும் சொல்லிட்டு முடிவை என்கிட்ட விட்டாங்க.

அப்ப நான் பார்த்தது ஒண்ணே ஒண்ணுதான், எதை அஞ்சு வருஷம் நிறுத்தாம சாப்பிட முடியும்? வடக்கு கலிஃபோர்னியாவுல 8,769 பெண்களை வச்சு 2010-ல வெளிவந்த ஆய்வுல, நாலரை வருஷம் ஒழுங்கா முழுசா மாத்திரை எடுத்தவங்க 49 சதவீதம்தான். பாதிக்கு மேல பாதியில விட்டிருக்காங்க, இல்ல விட்டு விட்டு சாப்பிட்டிருக்காங்க. அதிகமா நிறுத்தினது யாருன்னா 40-க்குக் கீழ இருக்கறவங்களும் 75-க்கு மேல இருக்கறவங்களும், ரெண்டு ஓரமும். 30 சதவீதம் மேலங்கற கணக்கெல்லாம் மாத்திரை வாய்க்குள்ள போனாத்தானே.

சின்ன வயசுக்காரங்க ஏன் நிறுத்தறாங்கன்னு பார்த்தா, திடீர்னு மெனோபாஸ் மாதிரி ஆயிடற உடம்பு, பிறப்புறுப்பு வறட்சி, தாம்பத்தியத்துல விருப்பமே போயிடறது (டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்ல முடியாம, சொல்லாமலே மாத்திரையை விட்டுடறாங்க, இது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு), அப்புறம் குழந்தை ஆசை. அதுக்கு இப்ப வழி இருக்கு. பாசிட்டிவ்ங்கற பேர்ல ஒரு ஆய்வு, 42 வயசு வரைக்கும் இருக்கறவங்க 18 முதல் 30 மாசம் மாத்திரை எடுத்துட்டு, குழந்தைக்காக ரெண்டு வருஷம் வரைக்கும் நிறுத்திப் பார்த்தாங்க, 2023-ல வந்த முடிவுல குறுகிய காலத்துக்கு நோய் திரும்பறது கூடல. தானா நிறுத்தறதுக்கும் டாக்டரோட திட்டம் போட்டு நிறுத்தறதுக்கும் எவ்வளவோ வித்தியாசம். டேமாக்ஸிஃபென் சாப்பிடும்போது பீரியட்ஸ் தள்ளிப் போனாலும் கர்ப்பம் ஆகலாம், கருவுக்கு ஆபத்து, அதனால ஹார்மோன் இல்லாத தடுப்பு கட்டாயம் வேணும்.

எனக்கு கஷ்டம்னா ஹாட் ஃப்ளாஷ்தான். ராத்திரி நெஞ்சுல ஆரம்பிச்சு கழுத்து வழியா ஏறும், பிடரி முழுக்க நனைஞ்சிடும், அடுத்த நிமிஷம் குளிரும், போர்வையைத் தள்றதும் இழுக்கறதுமாவே விடியும். வென்லாஃபாக்ஸின் குறைஞ்ச டோஸ்ல கொடுத்தப்புறம் தூங்க முடியுது. இதுல கவனம் வேணும், பராக்ஸெட்டின், ஃப்ளூயோக்ஸெட்டின் மாதிரி மருந்துங்க டேமாக்ஸிஃபென் கல்லீரல்ல வேலை செய்யற வடிவத்துக்கு மாறறதைத் தடுக்கும், வேற டாக்டர் மனசு சரியில்லன்னு எழுதிக் கொடுத்தா கேட்டுட்டு சாப்பிடுங்க. ரத்தம் உறையற ரிஸ்க்கும் இருக்கு, ஒரு கால் மட்டும் வீங்கினா தாமதிக்காதீங்க. டேமாக்ஸிஃபெனால கர்ப்பப்பை புற்றுநோய் வரலாம்ங்கற பயம் பெரும்பாலும் மெனோபாஸ் ஆனவங்களுக்கு, அவங்க லேசா ரத்தப்போக்கு பட்டாக்கூட காட்டணும்.

அக்கா பக்கம் வேற கதை. லெட்ரோசோலால வந்த மூட்டு வலியில காலையில விரல் மடங்காது, மாத்திரை அட்டையை அழுத்திப் பிரிக்கவே முடியாம வெந்நீர்ல கையை வச்சிட்டு இருப்பாங்க. "இந்த வயசுக்கு மேல எனக்கு எதுக்குடி இது"ன்னு ஒருநாள் கேட்டாங்க. ஏற்கனவே பிரஷர், சுகர் மாத்திரை வேற. டாக்டர் சில வாரம் இடைவெளி விட்டு எக்ஸெமெஸ்டேனுக்கு மாத்தினாங்க, ஒண்ணு ஒத்துக்கலன்னா அதே வகையில இன்னொண்ணு ஒத்துக்கறது உண்டு. தினம் நடக்க ஆரம்பிச்சப்புறம் வலி குறைஞ்சிருக்கு, உடற்பயிற்சி இந்த வலியைக் குறைக்கும்னு ஆய்வுலயும் வந்திருக்கு. எலும்பு தேயறதுக்கு டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தி பார்க்கறது), கால்சியம், வைட்டமின் டி எல்லாம் போயிட்டிருக்கு. அக்கா வயசுல நானா இருந்தாலும் முதல்ல லெட்ரோசோல் வகையைத்தான் எடுத்திருப்பேன், முடியவே முடியலன்னா டேமாக்ஸிஃபெனுக்கு மாறியிருப்பேன், நிறுத்தியிருக்க மாட்டேன்.

சினைப்பையை அடக்கற ஊசி நான் போட்டுக்கிட்டதில்ல, அதனால அந்தக் கஷ்டத்தை எடை போட எனக்குத் தகுதி இல்ல. ரிஸ்க் அதிகம்னு டாக்டர் சொன்ன சின்ன வயசுக்காரங்க என் விருப்பத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீங்க, அவங்களுக்கு ஊசிதான் சரியா இருக்கலாம்.

டேமாக்ஸிஃபெனை அஞ்சுக்குப் பதிலா பத்து வருஷம் எடுத்தா பலன் கூடும்னு 2013-ல அட்லஸ் ஆய்வு காட்டுச்சு, கர்ப்பப்பை ரிஸ்க்கும் கூடவே ஏறும். எனக்கு அதுக்குள்ள மெனோபாஸ் ஆயிட்டா லெட்ரோசோலுக்கு மாறலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அப்ப ஹார்மோன் டெஸ்டும் டெக்ஸாவும் எடுத்துட்டு முடிவு பண்றதா இருக்கேன்.