நான்கு பருவங்கள் ஓட்டிய 65 செ.மீ. பாய்மரப் படகு: கீல் தகட்டில் சிக்கும் பாசி

ஆற்காட்டு நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "உங்க படகு மாதிரியே ஒண்ணு பொண்ணுக்குச் செஞ்சு குடுக்கலாம்னு இருக்கேன், செய்யலாமாண்ணா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் நான் அதே படகின் மூன்றாவது கீல் தகட்டை, அதாவது படகின் அடியிலிருந்து நீருக்குள் இறங்கி நிற்கும் தகட்டை, மேசைமேல் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அன்று சொன்ன பதில் சற்றுக் கடுமையாகப் போய்விட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய முழுப் பதில் இது.

என் படகு ஆர்ஜி65 என்ற வகை, கரையில் நின்று ரேடியோ கருவியால் ஓட்டும் சிறு பாய்மரப் படகு. அதன் விதிகள் தெரிந்தவர்களுக்கு அளவுகளை விளக்க வேண்டியதில்லை. உடல் 65 செ.மீ., பாய்ப்பரப்பு 2,250 சதுர செ.மீ. என்ற வரம்புகளுக்குள் நின்றால், மற்றவற்றில் பெரும்பாலானவை கட்டுபவரின் விருப்பம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போய், சுற்றியிருந்த ஏரிகள் நிரம்பிக் கிடந்தபோது, காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் இதைக் கட்டத் தொடங்கினேன். பால்சா என்ற இலேசான மரத்தின் கீற்றுகளால் உடல், அதன்மேல் மெல்லிய கண்ணாடியிழைத் துணியும் எபாக்சிப் பிசினும், கீல் தகட்டின் அடியில் 560 கிராம் ஈயக் குமிழ், எல்லாம் சேர்த்து 1,150 கிராம். உடலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலூர் வெயிலில் எபாக்சி எதிர்பார்த்ததைவிட விரைவில் இறுகிவிடுகிறது என்பதால் கலவையைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். கட்டி முடித்த படகையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விடக் கூடாது, எபாக்சி இளகி உடல் வளைந்துவிடும். முதலில் குடைத்துணியில் பாய் தைத்தேன். நனைந்ததும் நைலான் இழுபட்டுத் தொய்ந்தது. பொறியியல் வரைபடத்துக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பிலிமுக்கு மாறிய பிறகு நான்கு பருவங்களாக அதே பாய்தான்.

என் வருத்தம் முழுவதும் கீல் தகட்டைப் பற்றியது. நமக்குக் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை சுத்தமான குளங்களுக்காக வரையப்பட்டவை. அவற்றில் கீல் தகடு செங்குத்தாக இறங்கும். ஈயக் குமிழின் மூக்கு தகட்டின் முன்விளிம்பைத் தாண்டி முன்னால் நீண்டிருக்கும். தகடும் மூக்கும் சேரும் அந்த மூலை நம் ஏரிகளில் ஒரு கொக்கியாக மாறிவிடுகிறது. வேலம்பாசியின் ஓர் இழை சிக்கினால் போதும், அடுத்த இழை அதன்மேல் சிக்கும், சில நிமிடங்களில் கைப்பிடி அளவு சேர்ந்துவிடும். படகு மெதுவாகப் போவதோடு இந்தத் துன்பம் முடிவதில்லை. கீல் தகடு நீரில் வேகமாக நகரும்போதுதான் படகைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து நிறுத்துகிறது. வேகம் குறைந்தால் அந்தப் பிடிப்பும் போய்விடும். காற்றுக்கு எதிராக ஏறக்குறைய 45 பாகையில் வளைந்து வளைந்து ஏறிப் போக வேண்டிய படகு, மூக்கைச் சரியான திசையில் வைத்துக்கொண்டே உடலோடு பக்கவாட்டில் கரையை நோக்கி வந்துவிடும். கரையில் நிற்பவருக்குப் படகில் கோளாறு எதுவும் தெரியாது. ஏரிக்கரையில் ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர்தான் முதல் நாளே, "கீழ எதுனா புடிச்சிகினு வருது பாரு" என்று சரியாகச் சொன்னார்.

படகை நேராகக் காற்றுக்குள் திருப்பி நிறுத்தி, பின்னோக்கிச் சிறிது தூரம் நகரவிட்டால் பாசி கழன்றுவிடும். இதைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் போட்டியின் நடுவில் இருமுறை இப்படிச் செய்தால் போட்டி அத்தோடு போயிற்று.

ஆகவே தகட்டைப் பின்சாய்வாக வெட்டி, முன்விளிம்பும் குமிழின் மூக்கும் ஒரே கோடாகச் சேருமாறு இரண்டாவது தகட்டைச் செய்தேன். பாசி உண்மையிலேயே சரிந்து இறங்கிப் போயிற்று. ஆனால் தகட்டின் மேல்முனையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டதால் ஈயம் பின்னால் தள்ளிப்போய், படகின் பின்பகுதி நீரில் அமிழ்ந்தது. மூன்றாவது தகட்டுக்காக மேல்தளத்தை அறுத்து, தகட்டின் மேல்முனையை முன்னே கொண்டுபோனேன். எடை சமநிலைக்கு வந்தது. ஆனால் தகட்டின் பரப்பு முன்னே வந்துவிட்டதால் பாயின் விசை அதற்குப் பின்னால் நின்று, காற்று சற்று வலுத்தாலும் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பத் தொடங்கியது. பாய்மரத்தையும் முன்னே நகர்த்திய பிறகே அது அடங்கியது. கட்டும்போதே பின்சாய்வான தகட்டை மனத்தில் வைத்து பாய்மரத்தின் இடத்தைக் குறித்திருந்தால், இந்த அறுவை வேலை ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

வேலூர்க் கோட்டை அகழியில் விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அது தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம். அதோடு உயர்ந்த மதிலை ஒட்டிக் காற்று சுழலும், நிலையான திசை கிடைக்காது. காவேரிப்பாக்கம் ஏரியைப் போலத் திறந்த நீர்ப்பரப்பே இந்தப் படகுக்கு ஏற்றது. கரையிலிருந்து காற்று சீராக வந்து, பாய் சலசலப்பின்றி நிரம்பி, சாய்ந்த படகின் ஈயம் அதை மெல்ல நிமிர்த்தும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான்கு ஆண்டுகளாக இதோடு கிடக்கிறேன். படகு நின்றுவிட்டால் நீரில் இறங்கக் கூடாது; ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி வீசி இழுத்துக்கொள்வதே எங்கள் வழக்கம்.

புதிய தகட்டோடு சென்ற ஞாயிறு மூன்று படகுகளாக ஓட்டினோம். செங்கல்லில் கட்டி மிதக்கவிட்ட இரண்டு பாட்டில்களே எல்லைக்குறிகள். முதல் இரண்டு சுற்றுகளிலும் என் படகுதான் முன்னால் வந்தது. கீல் தகட்டில் ஓர் இழைகூடச் சிக்கவில்லை. மூன்றாவது சுற்றில், கடைசிக் குறியைத் திரும்பும் இடத்தில், சுக்கானில் பாசி சிக்கியது. சுக்கான் இன்னும் பழைய செங்குத்து வடிவம்தான். படகு திரும்ப மறுத்து, இன்னொரு படகின் வழியில் போய் நின்றுவிட்டது.

உடலும் பாயும் நான் எதிர்பார்த்ததைவிட மேலாகவே உழைத்திருக்கின்றன, இந்தப் படகை யார் கேட்டாலும் விற்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்கு என் பதில், இந்தப் பருவத்தில் கட்ட வேண்டாம் என்பதுதான். பின்சாய்வான சுக்கானை வெட்டி, இரண்டு ஞாயிறுகள் பாசியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தகடு, சுக்கான், பாய்மரத்தின் இடம் மூன்றையும் ஒரே தாளில் வரைந்து, ஆற்காட்டுக்கு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.