ஒற்றை பிஷப்பா, இரட்டை பிஷப்பா: ராஜாவின் மீதான தியாகத் தாக்குதலை எதில் தொடங்கி அலசுவது?

யானையோடு சேர்ந்து ஓரம் ஒதுங்கிக் கோட்டை கட்டிக்கொண்ட ராஜாவின் மீது காய்களைப் பலிகொடுத்துப் பாயும் தாக்குதல்களில் இரண்டு வகைகளைச் சதுரங்கம் படிக்கும் எவரும் அடுத்தடுத்துச் சந்திப்பார்கள். ஹெச்7 (எழுத்து நெடுக்கு வரிசையையும் எண் கிடை வரிசையையும் குறிக்கும்) சிப்பாயை பிஷப்பால் (மந்திரியால்) வெட்டி, ஜி5 கட்டத்துக்குக் குதிரையைப் பாய்ச்சி, ராணியை ஹெச்5-க்குக் கொண்டுவரும் ‘கிரீக் கிஃப்ட்’ ஒன்று. ஹெச்7-இல் ஒரு பிஷப், ஜி7-இல் இன்னொரு பிஷப் என இரண்டையும் கொடுத்துவிட்டு, ராணியும் யானையும் சேர்ந்து வேட்டையை முடிக்கும் இரட்டை பிஷப் தியாகம் மற்றொன்று. நான் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு இவற்றில் எதை முதலில் அலசக் கொடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. எளியதிலிருந்து கடினத்துக்குப் போவதாகச் சொல்லி ஒற்றைத் தியாகத்தையே முன்னால் வைப்பது வழக்கம். நான் அந்த வரிசையை மாற்றி, இரட்டைத் தியாகத்தில் தொடங்கினேன்.

ஒற்றைத் தியாகத்தின் தகுதிகளை யாரும் மறுக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான கிரேக்கோவின் குறிப்புகளிலேயே இடம்பெற்ற உத்தி இது. பிரெஞ்சு டிஃபென்ஸ், கோலே சிஸ்டம் போன்ற தொடக்கங்களில் இதற்கான நிலை அடிக்கடி அமையும், கொடுப்பதும் ஒரே ஒரு காய்தான். ஈ5-இல் வெள்ளைச் சிப்பாய் நின்று கறுப்புக் குதிரையை எஃப்6-இல் நிற்கவிடாமல் செய்திருந்தால், பாதி நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால் அலசல் என்று உட்கார்ந்தால் இந்தத் தியாகம் தோற்றத்தைப் போல எளியதாக இருப்பதில்லை. குதிரை ஜி5-இல் செக் வைத்தவுடன் ராஜாவுக்கு மூன்று வழிகள் திறக்கின்றன. ஜி8-க்குத் திரும்பினால் ராணி ஹெச்5-க்கு வந்து பெரும்பாலும் மேட்டில், அதாவது ராஜா தப்ப வழியே இல்லாத நிலையில், முடியும். ஹெச்6-க்குப் போனால், சி1 பிஷப்பின் பாதை திறந்திருக்கும் நிலைகளில், குதிரை ஈ6-ஐ வெட்டி விலகும்போது செக்கும் விழும், டி8-இல் நிற்கும் ராணியும் சிக்கும். ஜி6-க்கு ஏறினாலோ, ஹெச்4 என்று சிப்பாயைத் தள்ளுவதா, ராணியை ஜி4-க்குக் கொண்டுவருவதா, டி3-இலிருந்து செக் கொடுப்பதா என்பது நிலைக்கு நிலை மாறுகிறது. இவற்றுக்கு மேல், கறுப்பு தன் ஈ7 பிஷப்பால் ஜி5 குதிரையை வெட்டிவிடும் வாய்ப்பும், எஃப்8-க்கு ஒரு குதிரையைக் கொண்டுவந்து ஹெச்7-ஐக் காக்கும் வாய்ப்பும் இருக்கின்றன. 1930-இல் நீஸ் நகரில் எட்கர் கோலே ஓ’ஹன்லனுக்கு எதிராகச் செய்த புகழ்பெற்ற தியாகத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஓ’ஹன்லன் ராஜாவை ஜி6-க்கு ஏற்றினார், கோலே ஹெச்4 ஆடிப் பின்னர் ஈ6-இல் யானையையும் பலியாக நீட்டி வென்றார். ஆனால் ராஜா ஜி8-க்குத் திரும்பியிருந்தால் தியாகம் தாங்கியிருக்குமா என்ற வாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. இவ்வளவு கிளைகள் உள்ள நிலையைப் புதிதாகக் கற்கும் ஒருவரிடம் கொடுத்தால், அவர் தனக்குப் பிடித்த கிளையை மட்டும் கடைசிவரை பார்த்துவிட்டு மற்றவற்றை ஊகத்தில் விட்டுவிடுகிறார்.

இரட்டைத் தியாகத்தில் விலை கூடுதல், ஆனால் பாதை ஒற்றையடிப் பாதை. 1889-இல் ஆம்ஸ்டர்டாமில் 20 வயது எமானுவேல் லாஸ்கர் பவருக்கு எதிராக ஆடிய ஆட்டத்தில் இதை நகர்த்தல் நகர்த்தலாகப் பார்க்கலாம். 14ஆவது நகர்த்தலில் லாஸ்கர் குதிரையை ஹெச்5-க்குக் கொண்டுவந்தார், எஃப்6-இல் காவல் நின்ற கறுப்புக் குதிரை அதை வெட்டியது. உடனே ராணியால் திருப்பி வெட்டாமல், முதலில் பிஷப்பால் ஹெச்7-ஐ வெட்டி செக் கொடுத்தார். ராஜா பிஷப்பை வெட்ட, ராணி ஹெச்5 குதிரையை வெட்டி மீண்டும் செக் வைத்தது. இப்போது ராஜாவுக்கு ஜி8 தவிர வேறு கட்டமே இல்லை. 17ஆவது நகர்த்தலில் இரண்டாவது பிஷப் ஜி7-ஐ வெட்டியது, ஹெச்8-இல் மேட் என்ற மிரட்டலும் கூடவே வந்தது. ராஜா அதையும் வெட்ட, ராணி ஜி4-இலிருந்து செக். எஃப்6-க்கு ஓடினால் ஜி5-இல் ராணி மேட் என்பதால் ஹெச் வரிசைக்குத்தான் போயாக வேண்டும். அடுத்து எஃப்3-க்கு ஏறிய யானை, ஹெச்3-க்கு வரக் காத்து நின்றது. இரண்டாவது பிஷப்பை வெட்டாமல் எஃப் சிப்பாயைத் தள்ளிப்பார்க்கும் கிளை ஒன்று உண்டு, ஆனால் அங்கேயும் தாக்குதலுக்கு வலுச் சேர்ப்பது எஃப்3-க்கு வரும் அதே யானைதான்.

நான் வரிசையை மாற்றியதற்கான உண்மையான காரணம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு தியாகத் தாக்குதலை அலசும்போது, வேட்டை ஓய்ந்தபின் பலகையில் யார் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே தீர்மானிக்கும் கேள்வி என்று கருதுகிறேன். பவர் ஈ சிப்பாயை ஈ5-க்குத் தள்ளினார். அதனால் சி6-இல் நின்ற அவருடைய ராணிக்கு ஆறாவது வரிசை முழுதும் திறந்தது, ஹெச்3-இல் யானை செக் வைத்தபோது ராணியை ஹெச்6-இல் குறுக்கே போட முடிந்தது. யானை ராணியை வெட்ட, ராஜா யானையை வெட்டியது. இந்த இடத்தில் நிறுத்தி, சிப்பாய்க்கு 1, பிஷப்புக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்ற வழக்கமான மதிப்பில் கணக்குப் போடச் சொல்கிறேன். வெள்ளை கொடுத்தவை இரண்டு பிஷப்களும் ஒரு யானையும், அதாவது 11 புள்ளிகள். பெற்றவை ராணியும் இரண்டு சிப்பாய்களும், அதுவும் 11 புள்ளிகள். அத்தனை ஆரவாரத்துக்கும் பிறகு கணக்கு சரிசமம். ஆட்டத்தை முடிவுசெய்தது 22ஆவது நகர்த்தல்: ராணி ஜி4-இலிருந்து டி7-க்குச் சென்று, பி7-இலும் ஈ7-இலும் நின்ற இரண்டு பிஷப்களையும் ஒரே நேரத்தில் குறிவைத்தது. ஜி4-இலிருந்து டி7-க்குப் போகும் குறுக்குப் பாதையை ஈ6-இல் அடைத்து நின்றது, ராஜாவைக் காப்பாற்றுவதற்காக நகர்த்தப்பட்ட அதே சிப்பாய். தற்காப்புக்கு இருந்த ஒரே நகர்த்தலே அடுத்த அடிக்கு வழிவிட்டது என்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்போது, தியாகம் துணிச்சலால் மட்டும் வெல்வதில்லை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

இது அந்த ஒரு நிலையின் தற்செயல் அல்ல. 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிம்சோவிச்சுக்கு எதிராக டாராஷ் கறுப்புக் காய்களுடன் ஹெச்2, ஜி2 கட்டங்களில் இதே இரட்டைத் தியாகத்தைச் செய்தார். நிம்சோவிச் இரண்டாவது பிஷப்பை வெட்டவில்லை. வெட்டியிருந்தால், அங்கேயும் யானையின் மிரட்டலைத் தடுக்க வெள்ளை தன் ராணியைக் கொடுக்க நேர்ந்திருக்கும், அதன்பின் கறுப்பு ராணி ஜி5-இல் செக் வைத்து டி2-இல் காவலின்றி நின்ற குதிரையைப் பறித்திருக்கும். ராணி போகிறது, பிறகு காவலற்ற ஒரு காய் விழுகிறது என்ற அதே அமைப்பு. ஆகவே இரட்டைத் தியாகத்தை மதிப்பிட இரண்டு கேள்விகள் பெரும்பாலும் போதும்: ஹெச் வரிசைக்கு யானை தடையின்றி வந்து சேருமா, எதிரி ராணியைக் கொடுத்துத் தப்பினால் அவனிடம் காவலற்ற காய் எஞ்சுமா? கிரீக் கிஃப்டுக்கு இப்படிச் சுருக்கமான சோதனை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, ஜி6 கிளையை ஒவ்வொரு முறையும் புதிதாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

என் அனுபவம் மெலிந்திருக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். என் சொந்த ஆட்டங்களில் ஹெச்7-இல் பிஷப்பைக் கொடுத்திருக்கிறேன், இரட்டைத் தியாகத்துக்கான நிலை எனக்கு அமைந்ததில்லை. ஆகவே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது பிஷப்பைக் கொடுக்கும் மனநிலை எப்படியிருக்கும் என்பதை அலசல் பலகையிலிருந்து என்னால் சொல்ல முடியாது. அடுத்த மாதமே போட்டிக்குப் போகிறவர், எதிரில் அடிக்கடி வரப்போகும் கிரீக் கிஃப்டைத் தற்காப்புக்காகவாவது முதலில் பார்ப்பதே நியாயம்.

அவ்வளவு அவசரம் இல்லாதவர்களுக்கு நான் கொடுக்கும் வரிசை இதுதான். லாஸ்கரின் ஆட்டத்தில் 14ஆவது நகர்த்தலுக்கு முந்தைய நிலையைப் பலகையில் அடுக்கி, எஞ்சினை (ஆட்டத்தை அலசும் கணினி நிரலை) திறக்காமல், டி7 ராணி நகர்த்தல் வரை எழுதிக் காட்ட வேண்டும். அடுத்து டாராஷின் ஆட்டத்தில் ஜி2 பிஷப்பை வெட்டும் கிளையையும் வெட்டாத கிளையையும் தனித்தனியாக எழுத வேண்டும். கோலேயின் ஆட்டத்தை அதற்குப் பிறகுதான் எடுக்கிறோம், அதிலும் ராஜா ஜி8-க்குத் திரும்பும் கிளையிலிருந்தே தொடங்குகிறோம்.