12 பேர், ₹9,600: இடம் மாறிய பழைய சீனக் கடையில் ஏமாந்த கதை

ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் ஆளாளுக்கு இதைத்தான் என்னிடம் சொல்லிக் காட்டுகிறார்கள். எப்படி ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் எவ்வளவு தூரம் விடுகிறதோ பார்ப்போம்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மண்ணடிப் பக்கம் ஒரு சந்துக்குள் முப்பது வருஷத்துக்கும் மேலாக இருந்த சீனச் சாப்பாட்டுக் கடை. ஏசி கிடையாது, எட்டு மேசைதான். கல்லாவுக்குப் பின்னால் மூங்கில் தட்டுகளில் டிம்சம், அதாவது ஆவியில் வேகும் சீனப் பலகாரம், வெந்துகொண்டிருக்கும். மாஸ்டர் கல்கத்தாவிலிருந்து வந்தவர். மத்தியானம் போனால் ஓரமாக உட்கார்ந்து இறால் டிம்சத்துக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் எங்களை அங்கே கூட்டிப்போவார். அந்த இறால் டிம்சத்துக்கு ஹார் காவ் என்று பெயர், அது கடைசிவரை அவர் வாயில் நுழையவில்லை. அவருக்கு அது இறால் கொழுக்கட்டை.

உண்மையில் கொழுக்கட்டை மாதிரித்தான். கோதுமையிலிருந்து எடுத்த ஸ்டார்ச்சில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பிசைவார்கள், நாம் அரிசி மாவுக்குச் செய்வதுபோலவே. வெந்ததும் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு தெரியும். ஆறினால் தோல் விறைத்து வெடித்துவிடும் என்பதால் தட்டோடு கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். கூடவே ஒரு கெட்டில் மல்லிகை டீ, காசு கேட்காமல். சீனாவில் கான்டன் பக்கம் டிம்சம் சாப்பிடப் போவதையே டீ குடிக்கப் போவதாகத்தான் சொல்வார்களாம். அந்த மாஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

போன வருஷம் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று கடையைக் காலி செய்தார்கள். சில மாதம் கழித்து கொளத்தூர் தாண்டி 200 அடி ரோடு பக்கம் அதே போர்டு, அதே சிவப்பு எழுத்து. மாடி, ஏசி, வாசலில் காகித விளக்கு. முன்பு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடியில் இறங்கி நடந்துவிடலாம். இப்போது மூலக்கடை நெரிசலில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு போகவேண்டும். போகட்டும், கடை பிழைத்ததே என்று சந்தோஷப்பட்டவள் நான்.

அப்பாவுக்கு எழுபது முடிந்தது. பீமரத சாந்தி செய்யலாம் என்று அம்மா ஆசைப்பட்டாள். "ஹோமப் புகையெல்லாம் வேணாம், அந்த இறால் கொழுக்கட்டை போதும்" என்றார் அப்பா. சரி என்று கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பழைய கடையில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த பையன், இப்போது மேனேஜராம். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "அக்கா, அப்பா நல்லா இருக்காரா? இன்னும் சூப்புல மிளகுத்தூள் அள்ளிப் போட்டுக்கிறாரா?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். வேறு எதைக் கேட்டிருந்தாலும் யோசித்திருப்பேன். அப்பாவின் மிளகுத்தூளை ஞாபகம் வைத்திருக்கிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

தலைக்கு 800 ரூபாய், எட்டு வகை டிம்சம், சூப், நூடுல்ஸ், டீ. "பன்னெண்டு பேருக்கு முழுசாக் கட்டிட்டீங்கன்னா மாடியில தனி ரூம் தர்றேன்க்கா." மாஸ்டர் அதே ஆள்தானா என்று கேட்டேன். "அவரு இல்லாம நம்ம கடையா?" என்றார். வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்தால் கடை பெயர் இல்லை, ஏதோ ஒரு பெண்ணின் பெயர். கேட்டேன், கேட்காமல் இல்லை. "முதலாளியம்மா பேருக்கா, ஜிஎஸ்டி மாத்துற வேலை நடக்குது" என்றார். அனுப்பினேன். ₹9,600. பதிலுக்கு வந்தது ஒரு கும்பிடு, ஒரு கேக் படம். ரசீது இல்லை.

ஞாயிறு ராத்திரி ஏழரைக்கு, பெரியப்பா, அத்தை, குழந்தைகள் எல்லோருமாகப் போய் நின்றோம். மாடியில் வேறு யாருடைய பிறந்தநாளோ நடந்துகொண்டிருந்தது. கீழே ஏசிக்கு நேர் கீழே இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டார்கள். மேனேஜர் கண்ணில் படவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து முதல் தட்டு வந்தது. மூங்கில் தட்டுதான், உள்ளே இருந்தது மோமோ. மைதா மாவு, முட்டைக்கோஸ், ரோட்டுக்கடையில் தருகிற அதே சிவப்புச் சட்னி, ஓரத்தில் ஒரு கரண்டி மயோனைஸ். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் இங்கே தடை போட்டார்களே, இது எந்த வகை என்று என் தம்பி கேட்டான். சர்வருக்குத் தமிழும் புரியவில்லை, கேள்வியும் புரியவில்லை.

எட்டு வகையில் வந்தது மூன்று. "இறால்" என்று கொண்டுவந்ததைப் பிட்டால் நடுவில் ஐஸ். அத்தை ஒன்றை வாயில் போட்டுவிட்டுத் துப்பினார். காசிமேட்டுக்காரிக்கு இறால் நாற்றத்தை யாரும் சொல்லித் தரவேண்டாம். டீ கேட்டோம். கப்பில் வெந்நீரும் ஒரு டீ பையும் வந்தன, ஒன்று 120 ரூபாயாம். அப்பா ஒன்றும் சொல்லாமல் சூப்பில் மிளகுத்தூள் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் பில் வந்தது. ஆமாம், பில். சாப்பாடு 6,400, அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 640, அதற்கும் மேல் ஜிஎஸ்டி. நான் ஏற்கனவே ₹9,600 கட்டிவிட்டேன் என்று போனைக் காட்டினேன். கல்லாவில் இருந்த ஆள் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது எங்க அக்கவுண்ட் இல்ல மேடம். பழைய பார்ட்னரோடது. இடம் மாறும்போதே விலகிட்டாங்க. அவங்ககிட்ட கேளுங்க." அனுப்பியது உங்கள் மேனேஜர்தானே என்றேன். "அவரு இன்னிக்கி லீவு." மாஸ்டர் எங்கே என்றேன். அவர் மண்ணடியோடு நின்றுவிட்டாராம். அப்படியென்றால் இங்கே இருப்பது என்ன? போர்டு மட்டும்தானே?

வாசலில் இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள். குழந்தைகள் தூங்கி விழுந்தன. சர்வீஸ் சார்ஜை மட்டும் சண்டை போட்டு எடுக்கவைத்தேன். 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டது என்றதும் முணுமுணுத்துக்கொண்டே பில்லில் அதை நீக்கினார்கள். வரியோடு 6,720 கட்டிவிட்டு வெளியே வந்தோம். ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தடவை பணம். முதல் தடவை கட்டிய ₹9,600 எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் போனை எடுத்தார். "அக்கா, நான் சம்பளக்காரன், என்னை ஏன் மாட்டிவிடுறீங்க?" என்றார். செவ்வாய்க்கிழமை, முதலாளி மலேசியாவில். புதன்கிழமை, கணக்குப் பார்க்கிறவர் வரவில்லை. அப்புறம் பெரிய மனசு பண்ணி ஒரு கூப்பன் அனுப்பினார்கள். 500 ரூபாய் தள்ளுபடி, 2,000 ரூபாய்க்கு மேல் சாப்பிட்டால். போலீஸ் ஸ்டேஷனில், "ஓட்டல் விஷயம்மா, பேசித் தீத்துக்கோங்க" என்றார்கள். வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பியதைத் திருப்பமுடியாது, சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள் என்றார்கள். பண்ணினேன், புகார் எண் கிடைத்திருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தாயிற்று. அடுத்தது சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. விடுவதாக இல்லை.

எச்சரிக்கை என்று பெரிதாக ஆரம்பித்தேன், இப்போது தோன்றுவது இவ்வளவுதான். க்யூஆரில் கடை பெயர் வராவிட்டால் அனுப்பாதீர்கள். முழுப்பணம் முன்னாடியே கேட்டால் போனை வைத்துவிடுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற உணவு உரிமத்தில் முகவரியைப் பாருங்கள். உரிமம் இடத்துக்குத்தான், இடம் மாறினால் புதிதாக எடுக்கவேண்டும். அங்கே தொங்கிக்கொண்டிருந்தது மண்ணடி முகவரி போட்ட ஜெராக்ஸ். கிளம்பும்போதுதான் என் தம்பி அதைப் படம் எடுத்தான், போகும்போது பார்த்திருந்தால் வேறு கதை. பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்கவேண்டும், இவர்களுடையதில் அதுவும் இல்லை.

இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன், மறந்துவிட்டது. காரணம் உண்டு. பாதி எழுதும்போது அந்த மேனேஜரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. காகித விளக்குப் படம், கீழே "இந்த ஞாயிறு குடும்ப ஸ்பெஷல், தலைக்கு 800, முன்பதிவுக்கு மட்டும் தனி ரூம்." கூடவே அதே க்யூஆர் கோடு, அதே பெண்ணின் பெயர். வடசென்னையில் யார் வீட்டிலாவது ஞாயிற்றுக்கிழமை விசேஷம் இருந்தால் இதை இப்போதே அனுப்பிவிடுங்கள்.